காலையில் கரைவலை, பின்னேரம் நந்திக்கடல்: முல்லைத்தீவுக்கு ஒருநாள் போய்வர முழு வழிகாட்டி

பள்ளிக்கூட விடுமுறை விட்டால் வன்னியில் பாதி வீடுகளில் ஒரே கதைதான்: "எப்ப கடலுக்குப் போறது?" கிளிநொச்சி, வவுனியா, மாங்குளம், நெடுங்கேணி என்று உள்ளே இருக்கிற எங்களுக்குக் குளத்துக்குக் குறைவில்லை. ஆனால் கடல் என்றால் முல்லைத்தீவுதான். ஒரு வான் பிடித்து, சோற்றைக் கட்டிக்கொண்டு, சொந்தக்காரரையும் ஏற்றிக்கொண்டு போனால் முடிந்தது என்றுதான் எல்லாரும் நினைப்பது. போய்ச் சேரும்போது பதினொன்றரை மணி. மணல் காலைச் சுடும், நிழல் இராது, சின்னதுகள் அழும், பெரியவர்களுக்குத் தலையிடி. இரண்டு மணிக்கே "வீட்டை போவம்" என்று தொடங்கிவிடும்.

முல்லைத்தீவு கிழக்குப் பார்த்த கரை. சூரியன் கடலில் இருந்துதான் எழும்பும். காலை ஆறு மணிக்கும் ஒன்பது மணிக்கும் இடையில் அந்தக் கரையில் நடப்பதை மத்தியானம் போகிறவர் காணவே மாட்டார். ஆகவே "எத்தனை மணிக்கு வெளிக்கிடுவம்?" என்று தொடங்காமல், "எத்தனை மணிக்குக் கடற்கரையில் நிற்க வேணும்?" என்று தொடங்குங்கள். மற்ற எல்லாவற்றையும் அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் பார்க்கலாம். இந்த வழிகாட்டியும் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது.

முதலில் மாதத்தைப் பாருங்கள்

மூன்று பள்ளி விடுமுறைகளில் ஏப்ரலும் ஓகஸ்ட்டும் கடலுக்கு உகந்தவை. டிசெம்பர் ஆகாது. ஒக்டோபரில் மாரி தொடங்கினால் தை மாதம் வரை வாடைக்காற்றும் மழையும் இந்தக் கரையை நேரே அடிக்கும். கடல் கரைக்கு ஏறும், அலை உடைகிற இடத்தில் மண்ணே தெரியாது. தண்ணீர் பாயும் பாதைகளும் அந்த மாதங்களில் நம்பிப் போகக்கூடியவை அல்ல. டிசெம்பர் 26 ஆம் திகதி இன்னொரு காரணமும் உண்டு. 2004 சுனாமியில் முல்லைத்தீவுக் கரை இழந்த உயிர்கள் ஏராளம். அன்று அங்கே வீட்டுக்கு வீடு விளக்குக் கொளுத்துவார்கள். பந்தும் பாட்டுமாகப் போய் இறங்கும் நாள் அது இல்லை.

மே மாதத்திலும் யூன் முற்பகுதியிலும் இரண்டு விசயங்களைக் கவனியுங்கள். மே 18 ஐ ஒட்டிய நாட்களில் முள்ளிவாய்க்காலுக்கு, 2009 போரின் கடைசியில் அங்கே இறந்தவர்களின் நினைவேந்தலுக்காகச் சனம் வரும், வழியெல்லாம் கஞ்சி கொடுப்பார்கள். அதற்காகவே போவதென்றால் போங்கள், கடல் குளிப்போடு சேர்க்காதீர்கள். அடுத்தது வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் வைகாசிப் பொங்கல். வடக்கு முழுவதும் இருந்து வரும் பஸ்களும் நடையாக வருகிற பக்தர்களும் முள்ளியவளை வீதியை நிரப்பிவிடுவார்கள். பொங்கலுக்கென்று போகிறவருக்கு அது பெரிய காட்சி. கடலுக்குப் போகிறவர் அன்று பாதி நாளை வீதியிலேயே கழிக்க வேண்டிவரும்.

போயா (பௌர்ணமி) விடுமுறையும் ஞாயிறும் சேர்ந்து வந்தால் கரை நிறைந்துவிடும். வாரநாள் கிடைத்தால் அதுதான் வசதி.

ஓகஸ்ட்டில் சோளகக் காற்று வீசும். தென்மேற்கில் இருந்து, தரையில் இருந்து கடலை நோக்கி. அதனால்தான் அந்த மாதங்களில் கிழக்குக் கடல் ஓரளவு அடங்கிக் கிடக்கிறது. ஆனால் அதே காற்றில் ஓர் ஆபத்தும் உண்டு, அதைக் குளிக்கிற இடத்தில் சொல்கிறேன்.

எந்தப் பாதை

கிளிநொச்சிக்காரருக்குப் பரந்தன் சந்தியில் திரும்பும் ஏ35 வீதி. தர்மபுரம், விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால், வட்டுவாகல் என்று ஏறத்தாழ 50 கிலோமீற்றர். நிற்காமல் ஓடினால் ஒன்றேகால் மணித்தியாலம் வைத்துக்கொள்ளுங்கள். யாழ்ப்பாணத்தில் இருந்து வருகிறவர்களுக்கும் இதுதான் வழி.

வவுனியாக்காரருக்கு இரண்டு வழி. ஏ9 இல் மாங்குளம் வரை வந்து, அங்கே கிழக்கே திரும்பி ஏ34 இல் ஒட்டுசுட்டான், முள்ளியவளை, தண்ணீரூற்று ஊடாக ஏறத்தாழ 50 கிலோமீற்றர். இல்லாவிட்டால் புளியங்குளத்திலேயே திரும்பி நெடுங்கேணி ஊடாக ஒட்டுசுட்டானுக்கு ஏறலாம். இரண்டாவது தூரம் குறைவு, காடு கூட. விடிய முன்னம் போவதென்றால் நான் மாங்குளம் வழியைத்தான் சொல்வேன். பாதை அகலம், வாகனம் அடிக்கடி வரும், ரயர் காற்றுப் போனாலும் ஆள் உதவி கிடைக்கும். திரும்பி வரும்போது வெளிச்சம் இருந்தால் நெடுங்கேணிப் பக்கம் வாருங்கள்.

வட்டுவாகல் பாலத்தைப் பற்றி ஒரு சொல். நந்திக்கடல் என்கிற கடலேரியும் பெருங்கடலும் சேரும் இடத்தில் இருக்கிற அந்தப் பழைய பாலம் ஒடுக்கமானது, ஒரு வாகனம் போக மற்றது காத்து நிற்க வேண்டியது. 2025 செப்ரெம்பரில் புதுப்பாலத்துக்கு வேலை தொடங்கினார்கள். மழைக்காலத்திலும் அதற்குப் பிந்திய வாரங்களிலும் பாதை திறந்திருக்கிறதா என்று முதல்நாளே முல்லைத்தீவில் தெரிந்த ஒருவரிடம் கேட்டுவிடுங்கள். மூடியிருந்தால் புதுக்குடியிருப்பில் இருந்து ஒட்டுசுட்டானுக்குத் திரும்பி, ஏ34 இல் ஏறிப் போகலாம். சுற்றுத்தான், ஆனால் சேரலாம்.

கிளிநொச்சிப் பக்கத்தாருக்கு என் விருப்பம் வட்டமாகப் போவது. போகும்போது பரந்தன் வழி, வரும்போது ஒட்டுசுட்டான், மாங்குளம், முறுகண்டி வழி. தூரம் கூடும். ஆனால் ஒரே நாளில் வன்னியின் இரண்டு முகத்தையும் பிள்ளைகள் பார்ப்பார்கள்: போகும் வழி கடலேரியும் வெட்டவெளியும், வரும் வழி குளமும் காடும்.

பஸ்ஸில் போகிறவர்கள் வவுனியா, கிளிநொச்சி இரண்டு இடத்திலும் முல்லைத்தீவு பஸ் எடுக்கலாம், இ.போ.ச. என்கிற அரச பஸ்ஸும் உண்டு, தனியாரும் உண்டு. ரயிலில் வருபவர் மாங்குளத்தில் நிற்கும் ரயிலா என்று பார்த்து ரிக்கற் எடுத்து, அங்கே இறங்கி பஸ் பிடிக்க வேண்டும். முல்லைத்தீவுக்குத் தண்டவாளம் இல்லை. பஸ்காரருக்கு இரண்டே இரண்டு கேள்வி முக்கியம்: காலை முதல் பஸ் எத்தனை மணி, முல்லைத்தீவில் இருந்து கடைசி பஸ் எத்தனை மணி. இரண்டையும் பஸ் நிலைய நேரக்கணிப்பாளரிடம் நேரே கேளுங்கள். கூகிளில் கிடப்பதை நம்பாதீர்கள். கடைசி பஸ்ஸுக்கு முந்தியதைத்தான் உங்கள் பஸ் என்று நினைத்துக்கொள்ளுங்கள். பஸ்ஸில் போகிறவர்கள் வற்றாப்பளையையும் நந்திக்கடலையும் சேர்க்க வேண்டும் என்றால் நகரத்தில் ஓர் ஓட்டோ பேச வேண்டிவரும். ஏற முன்னமே காசைக் கதைத்துவிடுங்கள்.

முதல்நாள் இரவு

வாகனம் சொந்தமோ வாடகையோ, எண்ணெயை முதல்நாளே நிரப்புங்கள். விடிய ஐந்து மணிக்கு நிரப்பு நிலையம் தேடித் திரிகிற வேலை வேண்டாம்.

சாப்பாட்டில் ஆசைப்படாதீர்கள். காலைக்கு இடியப்பமும் சம்பலும், அல்லது றோல் பண்ணிய றொட்டி. சொதியைக் கொண்டுபோனால் எங்கேயோ ஊற்றும், அது யாரின்ரை உடுப்பில் என்பதுதான் தெரியாது. அவித்த முட்டை, வாழைப்பழம், தேசிக்காய், உப்பு, சீனி. மத்தியானச் சாப்பாட்டைக் காலையிலேயே சமைத்துக் கட்டுவது வெயில் காலத்தில் எனக்குப் பிடிக்காத வேலை. தேங்காய்ப்பால் விட்ட கறி எல்லாம் பதினொரு மணிக்கே புளித்துவிடும். கட்டத்தான் வேண்டும் என்றால் புளிச்சோறு, பொரித்த மீன், கத்தரிக்காய்ப் பொரியல் என்று காய்ந்ததாக வையுங்கள், வாழையிலையை வாட்டிச் சுற்றுங்கள்.

மறக்கக் கூடாதவை என்று கொஞ்சம் உண்டு. குடிக்கத் தண்ணீர் தலைக்கு 2 லீற்றருக்குக் குறையாமல். அது தவிர, 20 லீற்றர் கான் இரண்டில் கிணற்றுத் தண்ணீர், கடைசியில் உப்புக் கழுவ. ஒரு றெஜிபோம் பெட்டி, மீனுக்கு. தறப்பாள் ஒன்றும் நான்கு தடியும் கயிறும், ஏனென்றால் கரையில் நிழல் கிடைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. துவாய்கள், மாற்றுடுப்பு, பழைய சாரம் இரண்டு.

அந்தச் சாரம் எதற்கென்றால், பெண்கள் உடுப்பு மாற்ற. கடற்கரைப் பயணத்தில் யாரும் வாய்விட்டுக் கதைக்காத பிரச்சினை இது. ஆண்கள் துவாயைக் கட்டிக்கொண்டு மாற்றிவிடுவார்கள். அக்காமாரும் வயது வந்த பிள்ளைகளும் ஈர உடுப்போடு வானுக்குள் இருந்து நடுங்குவார்கள், அல்லது அதற்குப் பயந்து கடலில் இறங்கவே மாட்டார்கள். வானின் பின்கதவைத் திறந்து இரண்டு பக்கமும் சாரத்தைக் கட்டினால் ஒரு மறைப்பு ஆகிவிடும். இன்னும் வசதி வேண்டும் என்றால் நகரத்தில் உள்ள விருந்தினர் விடுதி ஒன்றில் அரைநாளுக்கு ஓர் அறை எடுங்கள். குளியலறை, கழிவறை, பாட்டிக்குப் படுக்க ஒரு கட்டில், எல்லாம் தீர்ந்தது. பத்துப் பேர் பங்கிட்டால் பெரிய காசும் இல்லை.

வெளிக்கிடுதல்

ஆறரைக்குக் கரையில் நிற்க வேண்டும் என்றால் கிளிநொச்சியில் ஐந்து மணிக்கும், வவுனியாவில் நாலரைக்கும் சில்லு உருள வேண்டும். ஐந்து மணி என்று சொன்னால் ஐந்தரைக்குத்தான் சித்தப்பா குளித்து முடிப்பார். ஆகவே வீட்டாருக்கு நாலரை என்று சொல்லுங்கள்.

இருட்டில் ஓடும்போது கவனம் மாட்டில். வன்னி வீதிகளில் இரவானால் மாடுகள் தாரின் சூட்டுக்கு நடுவீதியில் வந்து படுக்கும். கறுத்த மாடு, கறுத்த தார். வெளிச்சத்தில் முதலில் தெரிவது கண் இரண்டும்தான், அது தெரியும்போது பிறேக் பிடிக்கத் தூரம் காணாது. வாகனம் வந்தாலும் எழும்பாது. 50 க்கு மேலே ஓடாதீர்கள், முன்னால் இருக்கிறவர் நித்திரை கொள்ளக் கூடாது. ஒட்டுசுட்டான், நெடுங்கேணிக் காட்டுப் பாதைகளில் யானையும் நிற்கும். கண்டால் தூரத்தில் நிற்பாட்டி, கோன் அடிக்காமல், அது போகும்வரை பொறுங்கள்.

ஏ35 இல் புதுக்குடியிருப்பைத் தாண்டினால் முள்ளிவாய்க்கால் மண். 2009 மே மாதம் அந்த ஒடுங்கின கரையில் நடந்ததை இந்த வானில் இருக்கிற பெரியவர்களில் சிலர் நேரே கண்டிருப்பார்கள். அந்த இடத்தில் பாட்டை நிற்பாட்டுவது எங்கள் பக்கத்தில் பழகிப்போன ஒன்று, யாரும் சொல்லித் தருவதில்லை. இறங்கி நிற்க விரும்பினால் இறங்குங்கள், விரும்பாதவரை வற்புறுத்த வேண்டாம். பிள்ளைகள் கேட்டால் பதில் சொல்லுங்கள், வயதுக்கு ஏற்ற அளவில். வெளிநாட்டில் இருந்து வந்த பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள்.

அதோடு ஒன்று. "மூத்திரம் வருகுது" என்று எங்கே நிற்பாட்டினாலும் வீதி ஓரத்தை விட்டுப் பற்றைக்குள் போக விடாதீர்கள். கண்ணிவெடி அகற்றும் வேலை இந்த மாவட்டத்தில் இன்னும் முடிந்துவிடவில்லை. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையைக் கண்டால் அது அலங்காரம் இல்லை. முகாம்களையும் படம் எடுக்காதீர்கள், வீண் விளக்கம் சொல்ல வேண்டிவரும்.

கரையில் முதல் மூன்று மணித்தியாலம்

காலையில் வந்ததற்குப் பலன் கரைவலை. பங்குனி தொடங்கிக் கோடை முழுக்க, கடல் அடங்கிய நாட்களில் இழுப்பார்கள். ஒரு கயிற்றுத் தலைப்பைக் கரையில் விட்டுவிட்டு, வள்ளம் வலையோடு கடலுக்குள் வளைந்து போய், மற்றத் தலைப்பைத் தூரத்தில் கரைக்குக் கொண்டுவரும். பிறகு இரண்டு பக்கமும் ஆட்கள் வரிசையாக நின்று இழுப்பார்கள். முந்தி அம்பாப் பாடல் பாடி இழுத்தது, இப்போது சில இடங்களில் உழவு இயந்திரத்தைப் பூட்டிவிடுகிறார்கள். இரண்டு வரிசையும் நெருங்கி நெருங்கி வந்து, கடைசியில் மீன் சேர்ந்த வலையின் மடி கரையைத் தொடும். அந்த நேரம் காகமும் நாயும் பிள்ளைகளும் ஒன்றாக ஓடும். மடியை அவிழ்த்தால் சூடையும் கீரியும் வெள்ளிக் குவியலாகத் துடிக்கும். அதற்குள்ளே ஒரு பாரை, இரண்டு கணவாய், வழிதவறின நண்டு.

பார்க்கிறவருக்கும் ஒழுங்கு உண்டு. இழுபடும் கயிற்றைத் தாண்டாதீர்கள், அது விறைத்து நிற்கும், விடுபட்டால் ஆளை விழுத்தும். வலையைச் செருப்புக் காலோடு மிதித்தால் ஏச்சு விழும், விழத்தான் வேண்டும். இழுக்கிறவரிடம் கேட்டால் பொடியங்களுக்குக் கயிற்றில் ஒரு பிடி கொடுப்பார்கள். "அண்ணை, நாங்களும் கொஞ்சம் பிடிக்கட்டோ?" என்று கேளுங்கள். கேட்காமல் கைவைக்காதீர்கள். அது அவர்களின் கூலி நாள்.

மீன் வாங்குவதென்றால் இந்த நேரம்தான். பெரிய குவியலை வியாபாரிகள் ஏலத்தில் எடுப்பார்கள். நீங்கள் அதற்குள்ளே போய் விலை கூட்டாதீர்கள். ஏலம் முடிந்த பிறகு எடுத்தவரிடமே வீட்டுக்குத் தேவையானதைக் கூறாகக் கேளுங்கள். தனிப் படகுகளில் வருகிற விளைமீன், பாரை, கட்டா பெரும்பாலும் நிறுத்து விற்பார்கள். கண் தெளிந்து முட்டி நிற்க வேண்டும். பூவை (செவுளை) தூக்கிப் பார்த்தால் கடுஞ்சிவப்பாக இருக்க வேண்டும், மண்ணிறம் என்றால் அது நேற்றைய மீன். வயிற்றை அமத்தினால் குழி விழக் கூடாது. கரையில் வாங்குகிற மீன் என்பதற்காக எல்லாம் இன்றையது என்று நினைக்காதீர்கள். நெத்தலி, சூடை மலிவு, ஆனால் கெதியாகப் பழுதாகும். திரும்பிப் போக எட்டு மணித்தியாலம் இருக்கிறதென்றால் பெரிய மீனாக எடுத்து, குடலை அங்கேயே எடுப்பித்து, ஐஸ் மேலும் கீழுமாகப் போட்டு மூடுங்கள். சில்லறைக் காசு கையில் இருக்கட்டும், மணலில் காட் மெசின் இல்லை.

குளிப்பு

இந்தப் பகுதியை மட்டுமாவது போகிற எல்லாருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

முல்லைத்தீவுக் கரை திறந்த கடல். குளத்தில் நீந்திப் பழகினவருக்குத்தான் இங்கே ஆபத்துக் கூட. "எனக்கு முத்தையன்கட்டில நீந்தத் தெரியும்" என்கிற துணிவு இழுவையில் உதவாது. முழங்கால் அளவு தண்ணீரில் இருந்து இரண்டடி வைத்தால் கழுத்தளவு வரும் இடங்கள் உண்டு, நேற்று இருந்த இடத்தில் இன்று இருப்பதும் இல்லை. ஆகவே இறங்க முன்னம், அங்கே நிற்கிற மீனவர் ஒருவரிடம் "எந்த இடத்தில குளிக்கலாம்?" என்று கேளுங்கள். அவர் காட்டுகிற இடத்தில் மட்டும் குளியுங்கள்.

கேட்க ஆள் இல்லாவிட்டால், இறங்காமல் பத்து நிமிடம் அலையைப் பாருங்கள். இரண்டு பக்கமும் அலை வெள்ளையாக உடைய, நடுவில் ஓர் இடம் மட்டும் உடையாமல் கலங்கின நிறத்தில் அமைதியாகத் தெரிந்தால், அங்கே தண்ணீர் கடலுக்குத் திரும்பி ஓடுகிறது. பார்வைக்கு அதுதான் குளிக்க வசதியான இடம் மாதிரி இருக்கும். அகப்பட்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தக் கூடாது. களைத்துத்தான் மூழ்குவார்கள். கரைக்குச் சமாந்தரமாக ஒரு பக்கம் நீந்தி இழுவையை விட்டு விலகி, பிறகு அலையோடு கரைக்கு வர வேண்டும். நீந்த முடியாவிட்டால் மல்லாந்து மிதந்து கையை உயர்த்திக் காட்டுங்கள். கரையில் நிற்கிறவர் பின்னால் பாயாமல், வெறுங்கான், கயிறு, தறப்பாள் தடி எது கிடைத்தாலும் எறிந்து, மீனவரைக் கூப்பிடுங்கள். ஒருவரைக் காப்பாற்றப் பாய்ந்த அடுத்தவரும் போவதுதான் எங்கள் கரைகளில் திரும்பத் திரும்ப நடக்கிறது. வட்டுவாகல், நாயாறு முகத்துவாரங்களுக்கு அருகில் எந்தக் காலத்திலும் குளிக்க வேண்டாம்.

சோளகத்தைப் பற்றிச் சொன்னேன் அல்லவா. காற்று அடைத்த ரியூப், பிளாஸ்ரிக் படகு, பந்து, இவை ஓகஸ்ட் மாதத்தில் வேண்டவே வேண்டாம். தரைக்காற்று அவற்றை ஒரே தள்ளில் வெளியே கொண்டுபோகும், பிள்ளை அதற்குள்ளே சிரித்துக்கொண்டு இருக்கும். போன பந்துக்குப் பின்னால் ஒருவரும் நீந்த வேண்டாம். 200 ரூபாய்ப் பந்து.

பிள்ளைகளுக்கு ஒரு ஆள் என்று பெயர் சொல்லி ஒப்படையுங்கள். எல்லாரும் பார்க்கிறோம் என்றால் ஒருவரும் பார்ப்பதில்லை. குடித்தவர் கடலில் இறங்கக் கூடாது. இதை அண்ணனோ மாமாவோ வயதில் மூத்தவர் ஒருவர் வீட்டில் வைத்தே சொல்லிவிட வேண்டும், கரையில் சொன்னால் சண்டைதான் வரும். சொறிமுட்டை (ஜெலிமீன்) கடித்தால் கடல்தண்ணீரால் கழுவுங்கள், மணலைப் போட்டுத் தேய்க்காதீர்கள், மூச்சு முட்டினால் உடனே வைத்தியசாலை. மாவட்ட வைத்தியசாலை மாஞ்சோலையில். இலவச அம்புலன்ஸ் 1990, பொலிஸ் 119.

ஒன்பதரை, மிஞ்சினால் பத்து மணிக்கு எல்லாரும் தண்ணீரை விட்டு ஏற வேண்டும். அதற்குப் பிறகு வெயிலில் குளிப்பது தோலுக்கும் கூடாது, தலைக்கும் கூடாது. கானில் கொண்டுவந்த தண்ணீரில் உப்பைக் கழுவி, உடுப்பை மாற்றுங்கள்.

கோயில் முதலில், மீன் பிறகு

மத்தியானத்தை எங்கே கழிப்பது என்பதில்தான் பல பயணங்கள் சிக்குப்படும். கடல் மீன் சாப்பாட்டை முடித்துவிட்டு வற்றாப்பளைக்குப் போவோம் என்று திட்டம் போடுவார்கள். மீன் தின்றபிறகு அம்மன் கோயிலுக்கு அம்மம்மா வர மாட்டா, வானுக்குள்ளேயே இருந்துவிடுவா. ஆகவே குளித்து மாற்றியதும் நேரே வற்றாப்பளைக்குப் போங்கள், மத்தியானப் பூசையைப் பார்த்துவிட்டு வந்து சாப்பிடுங்கள். மீன் பெட்டியோடு வாகனத்தைக் கோயில் வீதியில் விடாமல் தள்ளி நிறுத்துங்கள்.

கோயில் நந்திக்கடல் ஓரத்தில், நகரத்தில் இருந்து முள்ளியவளைப் பக்கமாகச் சில கிலோமீற்றரில் இருக்கிறது. மதுரையை எரித்த கண்ணகி கோபம் ஆறாமல் வந்து, ஒரு கிழவியாக இங்கே மாடு மேய்த்த சிறுவர்களிடம் தங்கினா என்பது ஊர்க்கதை. பொடியங்கள் புக்கை பொங்கிக் கொடுத்தார்கள். இருட்டியதும் விளக்குக்கு எண்ணெய் இல்லை என்றார்கள். கடல் தண்ணீரை ஊற்றிக் கொளுத்துங்கள் என்றா கிழவி. விளக்கு எரிந்தது. இன்றைக்கும் பொங்கலுக்கு முன்னம் சிலாவத்தைக் கடலில் தீர்த்தம் எடுத்து வந்து அந்தத் தண்ணீரில் விளக்கேற்றுகிறார்கள். முள்ளியவளைக் காட்டு விநாயகர் கோயிலில் அதற்கான முதல் பொங்கல் நடக்கும். கோவலன் கூத்து ஆடிவந்த ஊரும் இதுதான். ஆண்கள் மேற்சட்டையைக் கழற்ற ஆயத்தமாக வாருங்கள், உப்பு ஊறின அரைக்காற்சட்டையோடு உள்ளே போகாதீர்கள்.

சாப்பாட்டுக்கு நகரத்துக்குத் திரும்பலாம், முள்ளியவளையிலும் கடைகள் உண்டு. பெரிய கூட்டம் என்றால் காலையிலேயே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் பன்னிரண்டு பேருக்கு மீன்குழம்பு மிஞ்சாது. சாப்பிட்ட பிறகு இரண்டு மணித்தியாலம் ஒன்றும் செய்யாதீர்கள். அறை எடுத்தவர் அறையில், எடுக்காதவர் ஒரு மர நிழலில். விடிய எழும்பின சாரதிக்கு இந்த நித்திரை கட்டாயம்.

பின்னேரம்: இரண்டில் ஒன்று

நாலு மணிக்குக் கரை திரும்பக் குளிரும். சூரியன் முதுகுப் பக்கம் போய்விட்டதால் மணல் ஆறும். ஆனால் இங்கே கடலில் சூரியன் விழாது. சூரியன் விழுவதைத் தண்ணீரில் பார்க்க வேண்டும் என்றால் கடலுக்கு முதுகைக் காட்டி வட்டுவாகலில் நின்று நந்திக்கடலைப் பாருங்கள். கடலேரி ஆழம் குறைந்தது. தூரத்தில் இடுப்பளவு தண்ணீரில் வீச்சுவலையோடு ஒருவர் நடந்துகொண்டிருப்பார், அவருக்குப் பின்னால் முழு வானமும் சிவக்கும். சேற்றில் இறங்க வேண்டாம், திருக்கை புதைந்து கிடக்கும்.

கிளிநொச்சிக்காரர் இதைப் பார்த்துவிட்டு ஏ35 வழியே எட்டு மணிக்குள் வீடு சேரலாம். அப்படியென்றால் வட்டப் பயணத்தை விட்டுவிடுங்கள். வவுனியாக்காரர் சூரியன் விழும்வரை நின்றால் காட்டு வழியை முழு இருட்டில் கடக்க வேண்டும், மாடும் யானையும் களைத்த சாரதியும் சேர்ந்த இருட்டு. அவர்கள் மூன்றரைக்கே வெளிக்கிட்டு, வழியில் நின்று நின்று போவதுதான் நல்லது.

ஏ34 இல் திரும்புகிறவருக்கு வழியில் பார்க்க நிறைய உண்டு. ஒட்டுசுட்டானில் தான்தோன்றீஸ்வரர் கோயில். அதற்குக் கிட்டவே கற்சிலைமடு. 1803 ஓகஸ்ட்டில் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிரித்தானியரிடம் இருந்து பிடித்த வன்னி மன்னன் பண்டாரவன்னியனை, அதே ஆண்டு ஒக்டோபர் 31 ஆம் திகதி பிரித்தானியப் படையின் கப்டன் வொன் ட்றிபேர்க் தோற்கடித்த இடம் என்று நினைவுக்கல் வைத்த ஊர். வென்றவனின் வெற்றியைச் சொல்ல வைத்த கல், தோற்றவனின் பெயரைத்தான் காப்பாற்றித் தந்தது. நேரம் இருந்தால் முத்தையன்கட்டுக் குளக்கட்டில் அரை மணித்தியாலம். யூன், யூலையில் வீதியோரம் பாலைப்பழம் விற்பார்கள். தின்றால் உதடு ஒட்டும், கொஞ்சம் தேங்காயெண்ணெய் பூசினால் விடும். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு இதை முதலே சொல்லாமல் விடுவது மாமாமாரின் வழக்கம்.

மாங்குளத்தில் இருந்து வடக்கே போகிறவர்கள் முறுகண்டிப் பிள்ளையாரடியில் நிற்பார்கள், நிற்காமல் போகிற சாரதியை நான் காணவில்லை. தேங்காய் ஒன்று உடைத்து, கற்பூரம் கொளுத்தி, மணலில் வறுத்த கச்சான் வாங்குங்கள். சுடச்சுட உள்ளதைக் கேளுங்கள், முன்னுக்குக் குவித்திருப்பது ஆறினது.

வீட்டுக்கு வந்ததும் எவ்வளவு அலுப்பென்றாலும் மீனை அன்று இரவே வெட்டிக் கழுவிவிடுங்கள், ஐஸ் அதுவரைதான் தாங்கும். பக்கத்து வீட்டுக்கு ஒரு பங்கு. றெஜிபோம் பெட்டியைத் தேசிக்காய்க் கோதால் தேய்த்துக் கழுவி, மூடியைக் கழற்றி இரவே வெளியில் கவிழ்த்து வையுங்கள். வாடகை வான் என்றால், சீற்றுக்குக் கீழே இருக்கிற மணலைக் கூட்டிவிட்டுக் கொடுங்கள், அடுத்த முறையும் அந்த அண்ணைதான் வர வேண்டும்.